ஃபைல் சர்வரை நிறுத்தாமல் அப்டேட் செய்வது எப்படி?

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு கல்யாண வீடியோ எடிட்டிங் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லோரும் ஒரே பொது ஃபோல்டரில் வேலை செய்கிறார்கள். அதன் பின்னால் இரண்டு லினக்ஸ் சர்வர்கள். பெயர் நெல்லை, பாளை. நெல்லையில் எழுதுவதை டிஆர்பிடி (DRBD) என்ற நகலெடுக்கும் மென்பொருள் உடனுக்குடன் பாளையிலும் எழுதுகிறது. ஒன்று விழுந்தால், இரண்டையும் கண்காணிக்கும் பேஸ்மேக்கர் (Pacemaker) என்ற மென்பொருள் பொது ஐபி முகவரியையும், ஃபோல்டரைக் கணினிகளுக்குப் பகிரும் என்எஃப்எஸ் (NFS) சேவையையும் மற்றதில் எழுப்புகிறது.

“ஓடுற மெஷினை எதுக்குத் தொடணும்?” என்று கடை அண்ணாச்சி கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரே ஃபைலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதாமல் தடுக்கும் ஃபைல் பூட்டுகளில் பிழை இருந்தால் சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது, சர்வர் மாறும் நேரத்தில்தான் வெளியே வரும். அதனால் புதிய பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பில் பூட்டு, தரவு இழப்பு, சேவை மாற்றம் பற்றிய வரிகளை முதலில் தேடுங்கள். பாதுகாப்புத் திருத்தம் என்றால் உடனே போடுங்கள். பெரிய பதிப்பு மாற்றத்தை முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம். மின்வாரியம் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்த நாளில் மட்டும் வேண்டாம்.

முதல் வேலை, இரண்டு சர்வரிலும் தானியங்கி அப்டேட்டை அணைப்பது. உபுண்டுவில் பாதுகாப்பு அப்டேட்கள் இயல்பாகவே தானாக ஏறும். இரண்டும் ஒரே நேரத்தில் மாறினால் மாற்று ஆள் வைத்திருப்பதில் அர்த்தமே இல்லை. அப்புறம் பேக்கப் எடுங்கள். டிஆர்பிடி பேக்கப் ஆகாது. தவறி அழித்த ஃபைலை அது பாளையிலும் அழித்துவிடும். பேக்கப் வேறு கட்டடத்தில் இருக்கட்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன் பக்கம் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இப்போது டிஆர்பிடி நிலையைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ‘அப்டுடேட்’ என்று வந்தால்தான் மேலே போக வேண்டும். சும்மா இருக்கும் பாளையை ஸ்டாண்ட்பையில், அதாவது பேஸ்மேக்கர் அதில் எந்தச் சேவையையும் ஓட்டாத நிலையில் போட்டு, அப்டேட் ஏற்றுங்கள். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலும் மாறினால், ரீபூட் செய்யுமுன் புதிய கெர்னலோடு சேர்ந்து ஓடும் டிஆர்பிடி துண்டு (மாட்யூல்) இருக்கிறதா என்று பாருங்கள். டிஆர்பிடி 9 தனியாக நிறுவப்படுவது; மாட்யூல் இல்லாவிட்டால் பாளை எழுந்தாலும் அதில் டிஆர்பிடி 9 ஓடாது.

ரீபூட் முடிந்து ஸ்டாண்ட்பையை நீக்கியதும் அவசரப்படாதீர்கள். ஸ்டாண்ட்பையில் இருந்த நேரம் முழுக்கப் பாளையில் டிஆர்பிடி ஓடவில்லை. அந்நேரம் எழுதிய எல்லாமே நெல்லையில் மட்டும்தான் இருக்கிறது. இரண்டும் மறுபடி ஒத்துப்போகும்வரை காத்திருங்கள். அதற்குள் நெல்லையை நிறுத்தினால் முழுமையான பிரதி எந்தப் பக்கமும் ஓடாது, கடையே நின்றுவிடும். இந்தச் செய்முறையில் நான் கெஞ்சிக் கேட்பது இந்தக் காத்திருப்பைத்தான்.

சரி, ஒத்துப்போய்விட்டது. ஒரு எடிட்டிங் கணினியிலிருந்து பெரிய வீடியோ ஒன்றைப் பொது ஃபோல்டருக்குக் காப்பி செய்யத் தொடங்குங்கள். அது ஓடும்போதே நெல்லையை ஸ்டாண்ட்பையில் போடுங்கள். சேவை பாளைக்குப் போகும், காப்பி கொஞ்ச நேரம் உறைந்து நிற்கும். பயப்பட வேண்டாம். பழைய பூட்டுகளைக் கணினிகள் திரும்பக் கேட்டு வாங்க என்எஃப்எஸ் தரும் அவகாசம் அது. லினக்ஸில் இயல்பாக 90 விநாடி. கணினிகளில் பொது ஃபோல்டரை ‘ஹார்ட்’ முறையில் இணைத்திருந்தால் (மவுன்ட்) காத்திருந்து தொடரும். ‘சாஃப்ட்’ என்றால் பிழை காட்டிப் பாதியில் விட்டுவிடலாம், ஃபைல் கெடும். எழுதும் ஃபோல்டருக்கு ஹார்ட்தான் சரி.

கணினியில் ‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ என்று பிழை வந்தால், ஃபோல்டரைப் பகிரும் எக்ஸ்போர்ட் அமைப்பில், அந்த ஃபோல்டரை அடையாளம் காட்டும் எஃப்எஸ்ஐடி (fsid) எண் இரண்டு சர்வரிலும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

காப்பி முடிந்ததும் மூல வீடியோவுக்கும் நகலுக்கும் எஸ்ஹெச்ஏ256 (SHA256) எண், அதாவது ஃபைலின் கைரேகை போன்ற எண் எடுத்து ஒப்பிடுங்கள். ஒத்து வந்தால் நெல்லையையும் இதே வரிசையில் அப்டேட் செய்யலாம். அதை அன்றே செய்யாமல், நெல்லையின் ஸ்டாண்ட்பையை மட்டும் நீக்கிவிட்டு, ஒரு வேலை நாள் முழுக்கப் பாளையில் கடை ஓடட்டும் என்று விடுவதே எனக்குப் பிடிக்கும். புதிய பதிப்பில் கோளாறு தெரிந்தால், பழைய பதிப்போடு நெல்லை கைவசம் இருக்கும்.