கொக்கட்டீலின் ஆண் பெண்ணை நிறத்தால் அறிதல்

கொக்கட்டீல் என்னும் கொண்டையுள்ள சிறு கிளியின் குஞ்சுகள் இரண்டைக் கூட்டில் அடைத்துச் சோடி என்று தருபவர் பொய் சொல்கிறார் என்று கொள்ள வேண்டியதில்லை. பெரும்பாலும் அவருக்கும் தெரியாது. சாம்பல் நிறக் கொக்கட்டீலின் குஞ்சுகள், ஆணாயினும் பெண்ணாயினும், முதல் இறகு உதிர்ப்பு வரை தாயைப் போலவே இருக்கும். அந்த உதிர்ப்பு ஏறத்தாழ 6 மாத வயதில் தொடங்கி, சில பறவைகளில் ஓராண்டு நிறையும்வரை நீளும். பண்டாரவளையில் நான் முதன்முதலாக வாங்கிய சோடியின் உண்மை, முட்டைப் பெட்டிக்குள் 10 முட்டைகளை எண்ணிய நாளில்தான் எனக்கு விளங்கியது: இரண்டுமே பெண்கள்.

வளர்ந்த சாம்பல் நிறப் பறவையில் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். ஆணின் முகம் தெளிந்த மஞ்சளாகி, கன்னத்துச் செம்மஞ்சள் பொட்டு எடுப்பாகத் தெரியும். பெண்ணின் முகம் சாம்பல் கலந்து மங்கியிருப்பதால் அதே பொட்டு அடங்கித் தோன்றும். முகத்தைவிட நான் நம்புவது வாலின் அடிப்புறத்தைத்தான். பெண்ணின் வாலடியில் மஞ்சளும் சாம்பலுமான குறுக்குக் கோடுகள் நிலைத்திருக்கும், ஆணின் வாலடியோ கோடுகள் மறைந்து ஒரே கருஞ்சாம்பலாக மாறிவிடும். மூன்றாவது, சிறகின் அடிப்புறத்துப் பெரிய இறகுகளில் வரிசையாக அமைந்த மஞ்சள் புள்ளிகள். அவை பெண்ணில் நிலைத்திருக்க, ஆணில் உதிர்ப்போடு போய்விடும்.

இதற்காகப் பறவையைப் பிடித்து விரித்துப் பார்க்க வேண்டியதில்லை. தினைக் கதிரைக் கூட்டின் மேற்கம்பியில் கட்டிவிட்டால், அதை எட்டுவதற்குப் பறவை நிமிரும்போது வாலடி தெரியும். சோம்பல் முறிக்கும்போது சிறகடியும் தெரியும். ஆனால் வெளிச்சத்தைக் கவனியுங்கள். நுவரெலியா, ஹட்டன் பக்கங்களில் பனிமூட்டம் கவிந்த காலையில் எல்லா மஞ்சளும் சாம்பலாகத் தெரியும். லயன் அறையின் மஞ்சள் பல்பின் கீழோ சாம்பல் முகமும் மஞ்சளாகத் தெரியும். மூட்டம் விலகிய பிறகு, குளிர்காற்று நேரே படாத யன்னலோரத்தில், பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே சரி.

உதிர்ப்புக் காலத்தில் கூட்டின் தட்டில் விழும் வால் இறகுகளை எறிந்துவிடாமல் திகதி குறித்து ஓர் உறைக்குள் வைத்திருங்கள். பழைய இறகு யாருடையதானாலும் கோடு போட்டதாகவே இருக்கும். அதன் இடத்தில் முளைக்கும் புதிய இறகு கோடின்றி வந்தால் அது ஆண். பொறுமையில்லாமல் இறகைப் பிடுங்கிப் பார்க்கக் கூடாது: வளரும் இறகின் தண்டில் இரத்தம் ஓடுவதால், முறிந்தால் பறவை இரத்தம் இழக்கும்.

இவையெல்லாம் சாம்பலுக்கும், சாம்பலுக்குப் பதிலாகப் பழுப்புப் படிந்த சினமனுக்கும் பொருந்தும். வைட் பேஸ் வகையில் மஞ்சளும் செம்மஞ்சளும் அறவே இல்லாததால் கன்னப் பொட்டைத் தேடுவது வீண். வளர்ந்த ஆணின் முகம் வெள்ளையாகும், பெண்ணின் முகம் சாம்பலாகவே இருக்கும். முத்துப் பதித்தாற்போன்ற பேர்ள் வகையில் முதல் உதிர்ப்புக்குப் பின் ஆண் தன் முத்துக்களைப் பெரும்பாலும் இழக்கும், பெண் இழக்காது. அழகுக்காக ஆண் பேர்ள் குஞ்சை வாங்கியவர்கள் சில மாதங்களில் ஏமாற்றமடைவது இதனாலேயே. சாம்பல் நிறமே இல்லாத லுட்டினோ வகையில் இரு பாலும் மஞ்சள் முகத்தோடு இருப்பதால் முகம் பயன்படாது. வாலிறகின் பின்னாலிருந்து வெயிலோ டோர்ச் வெளிச்சமோ ஊடுருவும்படி பார்த்தால், வளர்ந்த பெண்ணில் வெளிறிய மஞ்சள் கோடுகள் புலப்படும்.

லுட்டினோவுக்கு இதைவிட உறுதியான ஒரு வழி இருக்கிறது. பறவைகளில் பாலைத் தீர்மானிக்கும், மரபியல்புகளைச் சுமக்கும் இசட் நிறமூர்த்தங்கள் ஆணுக்கு இரண்டும் பெண்ணுக்கு ஒன்றும் உண்டு. லுட்டினோ, பேர்ள், சினமன் ஆகிய மூன்றும் அந்த இசட்டோடு சேர்ந்தே கடத்தப்படும் பின்னடைவு இயல்புகள்; அதாவது, ஆணில் இரண்டு இசட்டிலும் இருந்தால்தான் வெளியே தெரியும், பெண்ணில் ஒரே இசட்டில் இருந்தாலே தெரியும். பெண் குஞ்சு தன் ஒரே இசட்டைத் தந்தையிடமிருந்தே பெறுகிறது. ஆகவே லுட்டினோ ஆணைச் சாம்பல் பெண்ணோடு சேர்த்தால், பிறக்கும் லுட்டினோக் குஞ்சுகள் அனைத்தும் பெண்கள், சாம்பல் குஞ்சுகள் அனைத்தும் ஆண்கள். 6 மாதம் காத்திருக்கத் தேவையில்லை. சோடியைத் திருப்பிச் சேர்த்து, தாயை லுட்டினோவாக வைத்தால் இந்தக் கணக்கு நடக்காது.

திட்டுத் திட்டான பைட் வகையிலும் முழு வெள்ளையான அல்பினோவிலும் நிறத்தை நம்ப வேண்டாம். அங்கே சீழ்க்கையடித்தல், அலகால் கம்பியைத் தட்டுதல், தோள்களை விலக்கிச் சிறகை இதய வடிவில் பிடித்தல் ஆகியவை ஆணைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்; ஐயமறத் தெரிய வேண்டுமானால் இறகு அல்லது இரத்த மாதிரியில் மரபணுப் பரிசோதனை செய்யலாம். முட்டையிட்ட பறவை பெண் என்பதில் ஐயமில்லை, ஆயினும் ஆண் இல்லாமலும் பெண் முட்டையிடும் என்பதால் துணை ஆண் என்பதற்கு அது சான்றாகாது. ஒரு பெண் வழமையாக ஒன்றுவிட்ட நாட்களில் 4 முதல் 6 முட்டைகள் வரை இடும். ஆதலால் ஒரே நாளில் புதிதாக இரண்டு முட்டைகளைக் கண்டால், பெட்டிக்குள் இருப்பவை இரண்டு பெண்கள்.