பழைய பிக்கப்பின் கதவு பீடிங், கண்ணாடி ரப்பர்களை நாமே மாற்றுவது எப்படி?

என் பழைய பிக்கப்பில் நான் முதன்முதலில் மாற்றிய ரப்பர், அவசரப்பட்டு மாற்றிய ரப்பர். மழை பெய்தால் டிரைவர் பக்கத் தரைவிரிப்பு நனைந்துவிடும். கதவைச் சுற்றி ஓடும் பீடிங் வெளிறிப்போய், அங்கங்கே கீறல் விட்டிருந்தது. குற்றவாளி இதுதான் என்று முடிவுகட்டி, ஒரு விடுமுறை நாள் முழுவதையும் செலவழித்துப் புது பீடிங் போட்டேன். அடுத்த மழையில் அதே இடம், அதே ஈரம். கடைசியில் கதவின் உள்பக்கப் பேடைக் கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பேடுக்குப் பின்னால் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அதனால் ரப்பர் வாங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கதவுக்குள் தண்ணீர் இறங்குவது கோளாறே இல்லை. கண்ணாடி மேலும் கீழும் ஓட வேண்டும் என்றால் அதன் இருபுறமும் இம்மியளவாவது இடைவெளி இருந்தாக வேண்டும். கதவின் விளிம்பில் உள்ள பட்டி பெரும்பகுதி நீரை வழித்துவிடும். மிச்சம் கதவுக்குள்ளேயே வடிந்து, அடியில் உள்ள சிறு துளைகள் வழியாக வெளியேறும். அந்த நீர் பேடுக்கும் கேபினுக்கும் வராமல் தடுப்பதுதான் பிளாஸ்டிக் தாளின் வேலை. தாள் கிழிந்தாலோ, துளைகள் சேறு அடைத்துக்கொண்டாலோ, உலகத்திலேயே சிறந்த பீடிங் போட்டாலும் தரை நனையும். கதவைத் திறக்கும்போது உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டால், ஒரு கம்பியை எடுத்து முதலில் அந்தத் துளைகளைக் குத்திவிடுங்கள்.

எந்த ரப்பர் எங்கே இருக்கிறது?

கதவையோ கதவுச் சட்டத்தையோ சுற்றி ஓடும் உப்பிய ரப்பர், கதவு பீடிங். கண்ணாடி கதவுக்குள் நுழையும் இடத்தில் வெளியே ஒன்று, உள்ளே ஒன்றாக இரண்டு வழிப்புப் பட்டிகள் இருக்கும். கண்ணாடியின் ஓரங்கள் ஓடும் ‘ப’ வடிவப் பள்ளத்தில், உள்பக்கம் வெல்வெட் போன்ற இழை ஒட்டிய சானல் ரப்பர் இருக்கும். பல பழைய பிக்கப்புகளில் முன்பக்கம் ஒரு முக்கோணக் கண்ணாடியும் உண்டு. அதற்குத் தனி ரப்பர். முன், பின் கண்ணாடிகளைப் பிடித்திருக்கும் தடித்த ரப்பர்ச் சட்டம் கடைசி.

ஒழுகும் இடத்தைப் பிடிப்பது

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார வேண்டும். மற்றவர் தோட்டத்துக் குழாயில் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். கீழிருந்து மேலே போவதுதான் முக்கியம். கதவின் அடியில் இரண்டு மூன்று நிமிடம், பிறகு பக்கவாட்டு, பிறகு கண்ணாடி விளிம்பு, கடைசியில் கூரை ஓரம். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எங்கே நுழைந்தது என்று தெரியாமல் போய்விடும். வாட்டர் சர்வீஸ் செய்யும் பிரஷர் குழாயை மட்டும் எடுக்காதீர்கள்; அது நல்ல ரப்பரையும் மீறி உள்ளே போகும்.

காற்று இரைச்சல்தான் தொல்லை என்றால், சந்தேகப்படும் இடுக்கின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி வண்டியை ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் இடம் கிடைத்துவிட்டது. காகிதச் சோதனையும் உண்டு. ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். தடையே இல்லாமல் வழுக்கி வந்தால் அங்கே ரப்பர் அழுத்தவில்லை.

வாங்கும்போது

உங்கள் வண்டியின் மாடலுக்கும் ஆண்டுக்கும் என்றே செய்த ரப்பர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். மூலை வளைவுகள் அச்சில் வார்த்து வரும். பாதி வேலை மிச்சம். மீட்டர் கணக்கில் விற்கும் பொது பீடிங் என்றால், பழைய ரப்பரின் ஒரு துண்டை வெட்டி எடுத்துப் போய் வடிவத்தை ஒப்பிட வேண்டும். ஆனால் உயரத்துக்குப் பழையதை நம்பாதீர்கள், அது நசுங்கிப் போயிருக்கும். குழந்தைகள் விளையாடும் களிமண்ணைக் கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி, பழைய ரப்பரை நீக்கிய இடத்தில் நாலைந்து புள்ளிகளில் வைத்துக் கதவைச் சாத்தித் திறங்கள். நசுங்கிய களிமண்ணின் கனம்தான் உண்மையான இடைவெளி. புது ரப்பரின் உப்பல் அதைவிடச் சற்றே கூடுதலாக இருந்தால் போதும். ‘கனமாக இருந்தால் நன்றாக அடைக்கும்’ என்று வாங்கினால் கதவைத் தோளால் இடித்துச் சாத்த வேண்டி வரும்.

கதவு பேடைத் திறத்தல்

முதலில் கண்ணாடியை முழுக்க ஏற்றி, சுற்றும் கைப்பிடி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பல பழைய வண்டிகளில் அந்தக் கைப்பிடிக்கு ஸ்க்ரூ இருக்காது. பின்னால் குதிரை லாடம் போன்ற ஒரு ஸ்பிரிங் கிளிப் பிடித்திருக்கும். அதற்கென்று கருவி இருக்கிறது. இல்லாவிட்டால் பழைய துணி போதும். கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவே துணியை விட்டு, ஷூ பாலிஷ் போடுவது போல இப்படியும் அப்படியும் இழுத்தால் நூல் மாட்டி கிளிப் தெறிக்கும். தெறிக்கும் என்பதை நிஜமாகவே சொல்கிறேன், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். என்னுடைய முதல் கிளிப்பை அரை மணி நேரம் சீட்டுக்கு அடியில் தேடினேன்.

கை வைக்கும் பகுதியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, பிளாஸ்டிக் நெம்புகோலை ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்திலேயே வைத்து நெம்புங்கள். நடுவில் நெம்பினால் பேட் அட்டை கிழியும். பிளாஸ்டிக் தாளை அவசரப்படாமல் உரியுங்கள்; முழுதாக வந்தால் திரும்ப ஒட்டலாம். கதவுக்குள் இருக்கும் தகட்டு விளிம்புகள் பிளேடு மாதிரி இருக்கும், கையுறை கட்டாயம். பவர் விண்டோ என்றால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றாமல் கையை உள்ளே விடாதீர்கள். இடையில் கண்ணாடியை நகர்த்த வேண்டும் என்றால் கையை வெளியே எடுத்துவிட்டு வயரை மாட்டுங்கள்.

சானலும் வழிப்புப் பட்டிகளும்

இந்த இரண்டையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுங்கள். பேடைக் கழற்றும் பாட்டை இரண்டு முறை படுவானேன்.

கண்ணாடியை முழுக்க இறக்குங்கள். சில கதவுகளில் அதுவே போதும்; சிலவற்றில் முக்கோணக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் தடுப்புக் கம்பியின் போல்ட்டுகளைத் தளர்த்திச் சாய்க்க வேண்டும்; இன்னும் சிலவற்றில் கண்ணாடியையே வெளியே எடுக்க வேண்டியிருக்கும். எந்த வகை என்று பார்த்துக்கொண்டு பழைய சானலை ஒரு முனையிலிருந்து உருவுங்கள். காய்ந்துபோன ரப்பர் துண்டு துண்டாகத்தான் வரும். பள்ளத்தில் துரு இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, ப்ரைமர் அடித்துக் காயவிடுங்கள். துருவின் மேல் உட்காரும் ரப்பர் நிலைக்காது.

புது சானலைக் கொஞ்ச நேரம் வெயிலில் போட்டால் வளையும் பதத்துக்கு வரும். மேல் மூலையில்தான் ஆரம்பிக்க வேண்டும். மூலை சரியாக உட்கார்ந்த பிறகு நேர்ப்பகுதிகளைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். நேர்ப்பகுதியில் தொடங்கி மூலைக்கு வந்தால், அங்கே ரப்பர் மடிந்து கண்ணாடி ஏறும்போது இடிக்கும். அடிமுனையை அளந்து கடைசியில் வெட்டுங்கள்.

பிறகு பட்டிகள். வெளிப்பட்டி கிளிப்பிலோ சிறு ஸ்க்ரூக்களிலோ நிற்கும். நெம்பும் இடத்தில் பெயின்ட் மேல் இரண்டு அடுக்கு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பட்டியின் நாக்கு கண்ணாடியைத் தொட்டபடி இருக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள்.

இப்போது பலரும் தவறவிடும் ஒரு படி. தடுப்புக் கம்பியின் போல்ட்டுகளை முடுக்கும் முன் கண்ணாடியை மெதுவாக முழுக்க ஏற்றுங்கள். கண்ணாடியே கம்பியைத் தனக்கு வேண்டிய இடத்துக்குத் தள்ளிக்கொள்ளும். அந்த நிலையில் முடுக்கினால் பின்னால் சிக்காது. முதலில் இறுக்கமாகத்தான் ஓடும். சானலில் சிலிக்கான் ஸ்பிரே லேசாக அடிக்கலாம். எஞ்சின் ஆயில், கிரீஸ் பக்கமே போகாதீர்கள். இழையில் தூசி அப்பிக்கொள்ளும். போதாக்குறைக்கு, பெரும்பாலான பீடிங்குகளில் பயன்படும் ஈபிடிஎம் ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும்.

கதவு பீடிங்

பழையதை உரித்ததும் காய்ந்த பசையைச் சுரண்டி, தின்னர் நனைத்த துணியால் துடையுங்கள். சுற்றியுள்ள பெயின்ட் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சில பெயின்ட்டுகளைத் தின்னர் கரைத்துவிடும். பசை போடும் முன் பீடிங்கை முழுச் சுற்றுக்கும் வெறுமனே வைத்துப் பாருங்கள். மூலைகள் பொருந்துகின்றனவா, ரப்பரில் மாட்டும் முட்கள் இருந்தால் அவை தகட்டிலுள்ள துளைகளோடு ஒத்து வருகின்றனவா என்று இப்போதே தெரிந்துவிடும்.

ரப்பரை இழுக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். கொஞ்சம் இழுத்தால் நீளம் சரியாக வருவது போலத் தோன்றும், வேலையும் சுத்தமாக இருக்கும். நான் அப்படித்தான் செய்தேன். இரண்டு வாரத்தில் ரப்பர் தன் பழைய நீளத்துக்குச் சுருங்கி, இணைப்பில் ஒரு விரல் இடைவெளி விட்டது. மூலைகளில் உட்பக்கம் இழுபட்டு, உப்பலும் தட்டையானது. ஒட்டும்போது சற்றே உள்ளே தள்ளிக்கொண்டு போவதுதான் சரி. இணைப்பு கதவின் அடிப்பகுதியில் வரட்டும். கடைசித் துண்டை ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி, இரண்டு முனைகளும் ஒன்றையொன்று முட்டி நிற்கும்படி அழுத்துங்கள்.

ஒட்டும் வகை என்றால் பீடிங் பசையை இரண்டு பரப்பிலும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டியும் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்திருந்து, ஒரு அடி ஒரு அடியாக ஒட்டுங்கள். உப்பலில் இருக்கும் சிறு துளைகளை மட்டும் பசையால் மூடிவிடாதீர்கள்; கதவு சாத்தும்போது உள்ளே இருக்கும் காற்று அவற்றின் வழியாகத்தான் வெளியேறும். உள்ளே தகடு வைத்த, அழுத்தி மாட்டும் வகைக்குப் பசையே தேவையில்லை.

பின் கண்ணாடி

ரப்பர்ச் சட்டத்தில் நிற்கும் பின் கண்ணாடியை ஒரு துணை ஆளோடு மாற்றலாம். ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, வண்டியின் தகட்டு விளிம்பு நுழையும் பள்ளத்தில் பென்சில் கனத்துக்கும் சற்றுக் குறைவான நைலான் கயிற்றைச் சுற்றி, இரு முனைகளும் கீழே நடுவில் ஒன்றின் மேல் ஒன்று வந்து தொங்கட்டும். ரப்பரில் சோப்புத் தண்ணீர் தாராளமாக அடியுங்கள். வெளியே இருப்பவர் உள்ளங்கையால் கண்ணாடியை அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றை மெல்ல இழுக்க, ரப்பரின் உதடு தகட்டின் மேல் ஏறி உட்காரும். கண்ணாடியின் ஓரத்தில் உலோகம் எதுவும் பட விடாதீர்கள்.

பசையால் ஒட்டிய முன் கண்ணாடியை மட்டும் தொடாதீர்கள். விபத்தில் கேபின் நசுங்காமல் தாங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. அது தொழில் தெரிந்தவர் வேலை.

வேலை முடிந்த பிறகு

பிளாஸ்டிக் தாளை மறுபடி ஒட்டும்போது அடிமுனை கதவின் உள்பக்கமாக இறங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் வழியும் நீர் துளைகளுக்குப் போகும். கிழிசல் இருந்தால் தடித்த பாலித்தீன் தாளை அதே வடிவில் வெட்டிப் புதிதாகப் போடுங்கள்.

புது பீடிங்கில் கதவு சில நாள் கடினமாகத்தான் சாத்தும். வாரக்கணக்கில் அப்படியே இருந்தால், பூட்டு மாட்டும் கொண்டியைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, அதைத் தளர்த்தி நூலளவு வெளியே நகர்த்துங்கள். பீடிங் முழுக்கப் படிகிறதா என்று பார்க்க, அதன் மேல் சாக்பீஸ் தேய்த்துக் கதவைச் சாத்தித் திறங்கள். எதிர்ப்பக்கத்தில் வெள்ளைக் கோடு அறுபடாமல் விழ வேண்டும்.

பசைக்கு ஒரு நாள் கொடுத்துவிட்டு, அதே தோட்டக் குழாய், அதே துணை ஆள், கீழிருந்து மேலே. உள்ளே உலர்ந்திருக்கிறது என்று குரல் வந்ததும் கதவின் அடியில் குனிந்து பாருங்கள். துளைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தால், தரைவிரிப்பைத் திரும்பப் போட்டுவிடலாம்.