மாடல் காருக்கு மாஸ்கிங்கும் கிளியர் கோட்டும்: சென்னைக் காற்றில் செய்யும் முறை

கருப்பு உடம்பு, மஞ்சள் கூரை. பழைய டாக்சி நிறத்தில் 1:24 அளவு பிளாஸ்டிக் மாடல் கார் ஒன்றுக்கு பெயிண்ட் அடிக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நிறமும் சேரும் கோடு சுத்தமாக வர மாஸ்கிங் (பெயிண்ட் படக் கூடாத இடத்தை டேப்பால் மூடுவது), மேலே பளபளப்புக்குக் கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு). இரண்டுமே முதல் முறை செய்பவருக்கும் வரக்கூடிய வேலைதான். சென்னையில் இதைக் கெடுப்பவை இரண்டு: அவசரம், காற்றில் இருக்கும் ஈரம். குளிர் தேசத்து வீடியோக்களில் சொல்லும் நேரக் கணக்கு இங்கே அப்படியே ஒத்துவராது.

முதலில் பொருட்கள். டமியா என்ற மாடல் நிறுவனத்தின் மஞ்சள் மாஸ்கிங் டேப் (6 மி.மீ., 10 மி.மீ. இரண்டும் இருந்தால் நல்லது), புது பிளேடு, ஸ்டீல் ஸ்கேல், மாடலுக்கான லாக்கர் (வேகமாகக் காயும் வகை) கிளியர் ஸ்ப்ரே. இவற்றை ஆன்லைனில் வாங்கிவிடலாம். 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பரும் காம்பவுண்டும் (தேய்த்துப் பளபளப்பாக்கும் பசை) ஜி.பி. ரோட்டில் கார் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். அங்கே இருக்கும் கார் டச்-அப் ஸ்ப்ரேயும் கண்ணை இழுக்கும். அதில் உள்ள தின்னர் கடுமையானது, வெறும் பிளாஸ்டிக்கை அரித்துவிடும். ப்ரைமர் (அடிப்பூச்சு) அடித்த உபரித் துண்டு ஒன்றில் சோதித்துப் பார்க்காமல் காரில் அடிக்க வேண்டாம். இன்னொன்று, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பத மீட்டர். பெயிண்டுக்கு அடுத்து நான் வாங்கச் சொல்வது அதைத்தான்.

மஞ்சளை முதலில் அடியுங்கள்

வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. கருப்பின் மேல் மஞ்சள் மூடாது. மூடும்வரை அடித்தால் கதவுக் கோடுகளும் கைப்பிடிகளும் பெயிண்டில் மூழ்கிவிடும். அடியில் வெள்ளை ப்ரைமர் இருந்தால் மஞ்சள் எடுப்பாக வரும்.

லாக்கர் பெயிண்ட் என்றால் ஒரு நாளாவது விடுங்கள், எனாமல் (மெதுவாகக் காயும் வகை) என்றால் ஒரு வாரம். காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்தால் கைரேகைதான் விழும். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். தின்னர் வாடை இருக்கிறதா? இன்னும் காயவில்லை, எடுத்து வையுங்கள். மழை மாதங்களில் இந்த வாடை போக நாளாகும். எனாமலின் மேல் லாக்கர் அடித்தால் சுருங்கிப் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

டேப் ஒட்டுவது

மாஸ்கிங் டேப் பிறந்ததே இரண்டு நிறக் கார்களால்தான். அமெரிக்காவில் அந்தக் காலத்து பெயிண்டர்கள் ஒட்டிய காகிதத்தைப் பிரிக்கும்போது புது பெயிண்டும் சேர்ந்து உரிந்து வந்தது. அதைப் பார்த்த 3எம் நிறுவனத்து ரிச்சர்ட் ட்ரூ, மெல்லப் பிடித்து மெல்ல விடும் டேப்பை 1925இல் உருவாக்கினார். நமக்கும் வேண்டியது அந்த மெல்லிய பிடிதான். பெட்டி ஒட்டும் பழுப்பு டேப் இந்த வேலைக்கு ஆகாது.

டேப்பை நேராகக் காரில் ஒட்டாதீர்கள். முதலில் ஒரு கண்ணாடித் துண்டில் ஒட்டி, ஸ்கேல் வைத்துப் புது பிளேடால் ஓரத்தை அறுத்து எடுங்கள். சுருளின் ஓரத்தில் தூசியும் நுண்ணிய பிசிறும் இருக்கும். பெயிண்ட் உள்ளே நுழைவது அந்த வழியாகத்தான். கூரையின் வளைவுக்கு 2 மி.மீ. அகலக் கீற்றாக அறுத்துக்கொண்டால் சுருங்காமல் வளைந்து கொடுக்கும். கோட்டை அந்தக் கீற்றால் போட்டு, மீதிக் கூரையை அகல டேப்பாலும் வெள்ளைத் தாளாலும் மூடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், ஈர பெயிண்ட் பட்டால் மை இறங்கும். ஜன்னல் ஓட்டைகளை உள்பக்கத்திலிருந்து அடைத்துவிடுங்கள். ஓரம் முழுவதும், முக்கியமாகக் கதவுக் கோடுகளைக் கடக்கும் இடங்களில், பல் குத்தும் குச்சியின் முனையால் அழுத்துங்கள். டேப் நன்றாக ஒட்டிய இடத்தில் நிறம் சற்று அடர்ந்து தெரியும். வெளிறித் தெரிந்தால் அடியில் காற்று இருக்கிறது.

அடுத்ததை யாரும் தவிர்க்கக் கூடாது. கருப்பை அடிக்கும் முன் டேப் ஓரத்தில் மஞ்சளையே ஒரு முறை லேசாக அடியுங்கள். எங்காவது இடுக்கு இருந்தால் அதில் நுழைவது மஞ்சள், மஞ்சளின் மேல் மஞ்சள் தெரியாது. இடுக்கு அடைந்தபின் வரும் கருப்புக்குப் போக வழியில்லை. அரை மணி நேரம் காயவிட்டு, டேப்பிலிருந்து உடம்பை நோக்கி, மெல்லிய பூச்சுகளாகக் கருப்பை அடியுங்கள்.

கருப்பு தொட்டால் ஒட்டாத அளவுக்கு வந்ததும், முழுக்க இறுகுவதற்கு முன், டேப்பைப் பிரியுங்கள். மேலே தூக்காமல், டேப்பின் மேலேயே டேப்பை மடித்து, பரப்போடு பரப்பாகப் பின்னால் இழுக்க வேண்டும். மறுநாள்தான் நேரம் கிடைத்தது என்றால் ஓரத்தில் பிளேடால் மெல்லக் கீறிவிட்டுப் பிரியுங்கள்.

டீகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம்) ஒட்டுவதாக இருந்தால் இப்போதே ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். அடியில் தண்ணீர் தங்கினால் கிளியருக்குக் கீழே குமிழாக நின்றுவிடும்.

கிளியருக்கு நேரம் பார்ப்பது

லாக்கர் கிளியரில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமென்றால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து, கருப்புக் கார் பால் தெளித்த மாதிரி வெளுத்துவிடும். சென்னையில் அதிகாலையில் ஈரம் மிக அதிகம், பிற்பகலில் கடற்காற்று வந்து மறுபடி ஏற்றும். எனவே காலை 10 மணிக்கு மேல், கடற்காற்று தொடங்கும் முன் அடிப்பது உத்தமம். மீட்டர் 65 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் தாராளமாக அடிக்கலாம். 75ஐத் தாண்டினால் டப்பாவை உள்ளே வைத்துவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அதையும் மீறி வெளுத்துவிட்டால் பதற வேண்டாம். உலர்ந்த நாளில் அதே கிளியரை லேசாக அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

மே மாதத்தில் தொல்லை வேறு மாதிரி. துளிகள் காரைத் தொடும் முன்பே காய்ந்து, சொரசொரப்பாக விழும். வழக்கமாக ஸ்ப்ரேயைப் பிடிக்கும் 20 செ.மீ. தூரத்தை 15 ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ரே டப்பாவை வெயிலில் வைத்துவிடாதீர்கள். தூசி அடங்கப் பால்கனித் தரையில் தண்ணீர் தெளிப்பதும் வேண்டாம், அதுவும் ஈரம்தான். சாயங்காலம் அடித்தால் கொசு வந்து கிளியரில் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிடுங்குவது தனி வித்தை.

அடிக்கும் முறை: காரின் உடம்பைத் தண்ணீர் பாட்டில் ஒன்றின் தலையில் இருபக்க டேப்பால் நிறுத்துங்கள். காருக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, காரைக் கடந்து, வெளியே போய்த்தான் விட வேண்டும். முதல் இரண்டு பூச்சு வெறும் தூவல். பளபளப்பு வராது, வரவும் வேண்டாம். டீகாலைக் காப்பாற்றுவது இந்தத் தூவல்தான். டமியா டிஎஸ்-13 போன்ற கிளியரை முதலிலேயே கனமாக அடித்தால் டீகால் சுருங்கும். 15 நிமிட இடைவெளி விட்டு, மூன்றாவதாகப் பரப்பு முழுவதும் ஈரமாக மினுங்கும்படி ஒரு பூச்சு. வழியும் போலிருந்தால் நிறுத்திவிடுங்கள். உடனே ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடுங்கள். ஃபேன் போடக் கூடாது.

கொரோனாவுக்குப் போட்ட துணி மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான (ஆர்கானிக் வேப்பர்) வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும். பக்கத்தில் கேஸ் அடுப்போ பூஜை விளக்கோ எரியக் கூடாது. ஒர்க்‌ஷாப்பில் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூ-கே கிளியர் கண்ணைப் பறிக்கும் அழகுதான், ஆனால் அதில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலுக்கு ஆகாது. வீட்டு பால்கனியில் அதைத் தொட வேண்டாம்.

ஒரு வாரம் கழித்து, தேவைப்பட்டால் மட்டும், 3000 நம்பர் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்து, மைக்ரோஃபைபர் துணியில் காம்பவுண்ட் போடுங்கள். ஒர்க்‌ஷாப் பனியன் வேஸ்ட் கீறல் போடும். கதவு விளிம்பு, பானெட் மேடு இரண்டையும் தொடாதீர்கள். அங்கே கிளியர் மெல்லியது, இரண்டு தேய்ப்பில் மஞ்சளோ கருப்போ வெளியே வந்துவிடும்.

ஜன்னல் ஓரத்துக் கருப்பு ரப்பர், பம்பர் எல்லாம் கிளியருக்கு அப்புறம்தான், இல்லையென்றால் அவையும் பளபளத்து பொம்மைக் களை வந்துவிடும். கடைசியாகக் கண்ணாடிகள். அவற்றை ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். ஃபெவிக்விக் வகைப் பசையின் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும்.