சாலைப் பணி நடக்கும் இடத்தில் வண்டி ஓட்டும்போது

எச்சரிக்கைப் பலகையோ கூம்போ கண்ணில் பட்டதுமே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். பள்ளத்தைப் பார்த்த பிறகு பிரேக் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தால் நேரம் போதாது. 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடிக்குள் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். ஆபத்தை உணர்ந்து கால் பிரேக்குக்குப் போகவே அந்த ஒரு நொடி ஆகிவிடும். வேகம் இரட்டிப்பானால், பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்கு. ஜல்லி சிதறிக் கிடந்தால் இன்னும் கூடும்.

பலரும் பள்ளத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். முன்னால் நின்றுவிட்ட வரிசையின் கடைசி வண்டியில் போய் மோதுவதும் இங்கே சகஜம். அதனால் இடைவெளியைக் கூட்டுங்கள். கடைசி வண்டி உங்களுடையது என்றால் நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு, பின்னால் வருபவர் வேகம் குறைக்கும்வரை கண்ணாடியைக் கவனியுங்கள்.

கொடி காட்டுபவர் நிறுத்தச் சொன்னால் நிற்க வேண்டியதுதான். எதிரே காலியாகத்தானே இருக்கிறது என்று நுழைபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று மறுமுனையில் நிற்பவருக்குத்தான் தெரியும்.

வேலை செய்பவர்களுக்கும் ஒன்று. ஒளிரும் மேலங்கியில் தாரும் தூசியும் படிந்தால் அது எடுபடாது. பகலில் அதன் நிறம் காட்டிக்கொடுக்கும், இரவில் பட்டைதான் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். இரண்டும் சுத்தமாக இருக்கட்டும். ரிவர்ஸில் வரும் லாரி, ரோலர் பக்கம் கூடுதல் கவனம் தேவை. ஓட்டுநரின் முகம் அவர் வண்டியின் கண்ணாடியில் உங்களுக்குத் தெரியவில்லையா? அவருக்கும் உங்களைத் தெரியாது, உடனே விலகுங்கள்.