பூட்ட ஞாபகம் இல்லையா, பூட்டியதாக ஞாபகம் இல்லையா?

ஆங்கிலத்தில் எந்த வினைக்குப் பின்னால் 'டு' வரும், எதற்குப் பின்னால் 'இங்' வரும் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த வித்தியாசத்தில் பாதி தமிழிலேயே இருக்கிறது, தினமும் நம் வாயில் வருகிறது. அதனால் ஆங்கில வாக்கியத்துக்குக் கீழே, பேசும்போது எப்படிச் சொல்வீர்களோ அப்படியே தமிழில் எழுதிப் பாருங்கள்.

வீட்டிலிருந்து கிளம்பிப் பாதி தூரம் போனபிறகு கதவைப் பற்றி யோசனை வருகிறது. 'ஐ டிடின்ட் ரிமெம்பர் டு லாக் த டோர்' என்றால் பூட்ட ஞாபகம் வரவில்லை. கதவு பூட்டாமல்தான் கிடக்கிறது, திரும்பி ஓட வேண்டியதுதான். 'ஐ டோன்ட் ரிமெம்பர் லாக்கிங் த டோர்' என்றால் பூட்டியதாக ஞாபகம் இல்லை. பூட்டியும் இருக்கலாம், பூட்டாமலும் இருக்கலாம், இப்போதைக்கு இருப்பது சந்தேகம் மட்டும்தான். பூட்ட, பூட்டியதாக, இந்த இரண்டையும் தமிழில் ஒருநாளாவது மாற்றிச் சொல்லியிருக்கிறீர்களா? செய்ய வேண்டியது என்றால் 'டு', செய்து முடித்தது என்றால் 'இங்'. ஃபர்கெட், ரிக்ரெட் இரண்டுக்கும் இதே கணக்குதான்.

ஸ்டாப் மட்டும் வேறு மாதிரி. தோழியோடு இப்போது பேச்சுவார்த்தையே இல்லை என்று சொல்ல நினைத்த ஒரு மாணவி, 'ஐ ஸ்டாப்டு டு டாக் டு ஹெர்' என்று எழுதியிருந்தார். படிக்கிறவருக்கோ, போகிற வழியில் தோழியைப் பார்த்து, நின்று பேசிவிட்டுப் போனதாகப் புரியும். 'டு டாக்' இருந்த இடத்தில் 'டாக்கிங்' போட்டதும் பேசுவதை நிறுத்திவிட்டேன் என்று சரியாகிவிட்டது. எதற்காக நின்றாய் என்ற கேள்விக்கு 'டு', எதை நிறுத்தினாய் என்ற கேள்விக்கு 'இங்'.

அப்புறம் 'எ ஃபியூ'. 'எ ஃபியூ பீப்பிள் கேம்' என்றால் கொஞ்சம் பேர் வந்தார்கள். 'எ' இல்லாமல் 'ஃபியூ பீப்பிள் கேம்' என்றால் கொஞ்சம் பேர்தான் வந்தார்கள். நாம் ஒரு 'தான்' சேர்த்துக் காட்டுகிற குறையை அவர்கள் ஒரு 'எ'யை எடுத்துவிட்டுக் காட்டுகிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 'எ லிட்டில்', 'லிட்டில்' இரண்டும் இப்படியே.

'ஐ யூஸ்டு டு கெட் அப் எர்லி' என்றால் அப்போதெல்லாம் சீக்கிரம் எழுவேன், இப்போது இல்லை. 'ஐ ஆம் யூஸ்டு டு கெட்டிங் அப் எர்லி' என்றால் சீக்கிரம் எழுவது பழகிவிட்டது.

ஆனால் தமிழை நம்பினால் கால் வாருகிற இடமும் உண்டு. 'அவள் பாரிஸுக்குப் போயிருக்கிறாள்' என்றால் இப்போது அங்கே இருக்கிறாள் என்றும் எடுத்துக்கொள்ளலாம், எப்போதோ போய்விட்டு வந்தாள் என்றும் எடுத்துக்கொள்ளலாம், நாம் பேச்சின் போக்கை வைத்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டும் தனித்தனி: இன்னும் திரும்பவில்லை என்றால் 'ஷீ ஹேஸ் கான் டு பாரிஸ்', போய் வந்துவிட்டாள் என்றால் 'ஷீ ஹேஸ் பீன் டு பாரிஸ்'. அதனால் இந்த இடத்தில் மட்டும் தமிழில் எழுதும்போதே 'போய் வந்திருக்கிறாள்' என்று நீட்டி எழுதிக்கொள்ளுங்கள். எதிரில் நிற்கிறவரிடம் கேட்கும்போது 'ஹேவ் யூ பீன் டு பாரிஸ்' என்றுதான் கேட்க வேண்டும், ஏனென்றால் அவர் பாரிஸில் இல்லை, இதோ உங்கள் முன்னால் நிற்கிறார்.