எச்.டி.-2 விமானத்தின் அசல் நிறத்தைப் பிடித்த விதம்

1951-இல் முதன்முதலாகப் பறந்த எச்.டி.-2 வகைப் பயிற்சி விமானம் அது. சேலத்தில் எங்கள் பட்டறைக்கு வந்தபோது உடம்பெல்லாம் சாம்பல் எனாமல். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய 400 நம்பர் வாட்டர் பேப்பரால், தண்ணீர் விட்டு, ஒரு ரூபாய் அகலத்துக்கு மட்டும் தேய்த்தேன். வெங்காயம்போல் அடுக்கடுக்காக வந்தது: சாம்பல், வெள்ளை, மஞ்சள், அடியில் பச்சை கலந்த ஜிங்க் குரோமேட் என்னும் அரிப்புத் தடுப்பு அடிப்பூச்சு. அது நஞ்சு, உலர்வாகத் தேய்க்கவே கூடாது, முகமூடி கட்டாயம். கம்பி பிரஷும் ஆகாது, இரும்புத்துகள் பதிந்து அலுமினியம் அரிக்கும்.

அடிப்பூச்சுக்கு மேலே இருந்த அந்த மஞ்சள்தான் அசல் நிறம். புதிதாகக் கலந்த மஞ்சளை நன்றாகக் காய்ந்த பிறகு, பகல் வெளிச்சத்தில்தான் அதோடு ஒப்பிட்டேன்; டியூப்லைட் ஏமாற்றிவிடும். விமானப்படையின் அடையாள வட்டத்தை எந்தப் புண்ணியவானோ மாற்றி வரைந்திருந்தார். வெளியே காவி, இடையில் வெள்ளை, நடுவில் பச்சை என்று காம்பஸ் வைத்துத் திருத்தினேன்.