முதுகுப்பையில் மது: ஆஸ்திரேலியக் காட்டு நடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிட்னிக்கு மேற்கே ப்ளூ மவுண்டன்ஸில், பெரீஸ் லுக்டவுனிலிருந்து ப்ளூ கம் காட்டுக்கு இறங்கும் பாதை கிட்டத்தட்ட 600 மீட்டர் நேர் இறக்கம். முழங்கால் நடுங்கும். சில வருடங்களுக்கு முன் எங்களோடு வந்த அண்ணன் ஒருவர் பாதி வழியில் சரளைக்கல்லில் வழுக்கி, பையோடு பின்பக்கமாக உட்கார்ந்தார். அடி எதுவும் படவில்லை. தட்டிவிட்டு எழுந்து நடந்தார். கீழே அகேசியா ஃப்ளாட் முகாமில் அவர் பையைத் திறந்தபோதுதான் வாடை வந்தது. உள்ளே ஷிராஸ் என்ற சிவப்பு வைன் பாட்டில் உடைந்து, ஸ்லீப்பிங் பேக் முழுக்கச் சிவப்பாக ஊறியிருந்தது. உதவப் போய் நான் கையை நீட்டினேன். "தம்பி, கைய வைக்காதப்பா, கண்ணாடி!" என்று கத்தினார்.

இறகு நிரப்பிய பை ஈரமானால் சூடு தராது. அது ஜூன் மாதம். எங்கள் இரண்டு பைகளை விரித்துப் போட்டு மூன்று பேர் நெருக்கிப் படுத்து அந்த ராத்திரியைக் கடத்தினோம். வைன் கொண்டுவரச் சொன்னது நான். எதில் ஊற்றிக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லாமல் விட்டதும் நான்தான். அதனால் இதை எழுதுகிறேன்.

நாள் முழுக்க நடந்து, கூடாரம் போட்டு, சாப்பிட்டு முடித்து, நட்சத்திரத்துக்குக் கீழே ஒரு சின்ன டம்ளர் போர்ட் (வீரியம் கூட்டிய இனிப்பு வைன்) குடிப்பது இங்குள்ள நடையர்களுக்குப் பழைய வழக்கம். அதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. எதில் சுமக்கிறோம், எவ்வளவு சுமக்கிறோம், எப்போது குடிக்கிறோம் என்ற மூன்றில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள்.

முதலில் எடை. 750 மில்லி வைன் பாட்டில் ஒன்று கண்ணாடியோடு சேர்த்து ஒன்றேகால் கிலோ வரும். அதில் 400, 500 கிராம் வெறும் கண்ணாடி, திரும்பும்போதும் சுமக்க வேண்டியது. 13 சதவீத வைன் ஒரு பாட்டிலில் இருக்கும் ஆல்கஹால், 40 சதவீத விஸ்கியிலோ ரம்மிலோ சுமார் 245 மில்லியில் இருக்கிறது. அதைச் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றினால் மொத்தம் 260 கிராமைத் தாண்டாது. ஐந்தில் ஒரு பங்கு. நாலு நாள் நடை என்றால் நான் ரம்தான் எடுப்பேன், ஒரே ராத்திரி என்றால் வைன். இரண்டுக்கும் நடுவில் நிற்பது போர்ட். 18 சதவீதம் என்பதால் வைனைவிடக் குறைவாகச் சுமந்தால் போதும், திறந்த பிறகும் சில நாள் கெடாது. பியர் கேனை மட்டும் கார் நிற்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள். அது பெரும்பாலும் தண்ணீர். காட்டில் ஓடையே இருக்கிறது.

அடுத்தது பாத்திரம். வைனை அட்டைப் பெட்டிக்குள் பையில் அடைத்து விற்கும் முறையே ஆஸ்திரேலியாவில் பிறந்ததுதான். தெற்கு ஆஸ்திரேலியாவின் ரென்மார்க்கைச் சேர்ந்த தாமஸ் ஆங்கோவ் 1965-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த வெள்ளி நிறப் பையை இங்கே 'கூன் பேக்' என்பார்கள். 2 லிட்டர் பெட்டி வாங்கி, அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பையை மட்டும் கொண்டு போகலாம். நாலு பேருக்கு அது தாராளம். ஆனால் குழாய்ப் பொத்தான் முதுகுப்பைக்குள் அழுந்தினால் உங்கள் சாக்ஸ்தான் குடிக்கும். குழாயின் மேல் டேப் சுற்றி, பையை ஒரு துணிப்பைக்குள் வைத்து, எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். நல்ல வைன் வேண்டுமென்றால் பாட்டிலிலிருந்து மெல்லிய மடிப்புப் பைக்கு மாற்றி, காற்றை முழுக்கப் பிதுக்கி எடுத்துவிட்டு மூடுங்கள். கிளம்பும் நாள் காலையில் மாற்றினால் போதும். காற்று படாத வைன் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

தண்ணீர் குடிக்கும் குழாய்ப் பையில் வைன் ஊற்றுகிறவர்கள் உண்டு. அந்த வாடை அதிலிருந்து பிறகு போகவே போகாது. உள்பூச்சு இல்லாத அலுமினிய பாட்டிலும் வேண்டாம், வைனின் புளிப்பு உலோகத்தை அரிக்கும். பொங்கும் வைனைப் பைக்குள் அடைத்தால் வீங்கி வெடிக்கும். விஸ்கிக்குச் சாதாரண சோடா பாட்டில் நன்றாகவே போதும்.

இனி சொல்வதை இரண்டு முறை படியுங்கள். டிராஞ்சியா மாதிரி ஸ்பிரிட் அடுப்பு வைத்திருப்பவர்கள் எரிபொருளாக 'மெத்தோ' எனப்படும் மெத்திலேட்டட் ஸ்பிரிட் கொண்டு வருவார்கள். சிலர் அடுப்புக்கு ஷெல்லைட் என்ற பெட்ரோலியத் திரவம் கொண்டு வருவார்கள். இரண்டும் தெளிந்த தண்ணீர் போல இருக்கும். வோட்காவும் ஜின்னும் அப்படித்தான். இவையெல்லாம் ஒரே மாதிரி பிளாஸ்டிக் பாட்டிலில், ஒரே பையில், டார்ச் வெளிச்சத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். எரிபொருளை எப்போதும் எரிபொருளுக்கென்று விற்கும் பாட்டிலில் மட்டும் ஊற்றுங்கள். பேர் எழுதுவதோடு நிறுத்தாமல், அந்த பாட்டிலின் இடுப்பில் இரண்டு ரப்பர் பேண்ட் சுற்றி வையுங்கள். இருட்டில் கண்ணுக்குத் தெரியாததைக் கை சொல்லும். தப்பித் தவறி யாராவது ஷெல்லைட்டைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. சிக்னல் இருந்தால் விஷ முறிவுத் தகவல் மையம் 13 11 26. மூச்சு திணறினால் அவசர எண் 000. சிக்னல் இல்லையென்றால் அவசர பீக்கனை (செயற்கைக்கோள் வழியாக மீட்புப் படையை அழைக்கும் சின்னக் கருவி) அழுத்துங்கள்.

மெத்தோ அடுப்பில் இன்னொன்று. பகல் வெளிச்சத்தில் அதன் தழல் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஊற்றும்போது பாட்டில் வழியாகத் தீ கைக்கு ஏறும். நிதானம் குறைந்த கை இதைச் செய்யும் வாய்ப்பு அதிகம். அதனால் எங்கள் குழுவில், அடுப்பு வேலை முழுக்க முடிந்த பிறகுதான் முதல் டம்ளர்.

குளிருக்கு ஒரு பெக்

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கேட்டுக் கேட்டு ஊறிய பேச்சு இது: "குளிருக்கு ஒரு பெக் போட்டா சூடா இருக்கும்." சூடாக இருப்பது போலத் தோன்றுவது உண்மை. ஆல்கஹால் தோலுக்கடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரிக்கிறது. உள்ளே இதயத்தையும் ஈரலையும் சுற்றியிருந்த சூடான ரத்தம் தோலுக்கு வருகிறது. தோலில் உள்ள உணர்வு நரம்புகள் 'சூடு' என்று சொல்கின்றன. அதே நேரத்தில் அந்தச் சூடு காற்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. உடல் சூட்டை உண்டாக்கத் தானே செய்யும் நடுக்கத்தையும் மது மட்டுப்படுத்துகிறது. கதவைத் திறந்து வைத்துவிட்டு அடுப்பையும் தணிப்பது மாதிரி.

இதோடு சர்க்கரை விஷயமும் சேர்கிறது. நாள் முழுக்க ஏறி இறங்கியதில் ஈரலில் இருந்த சர்க்கரைச் சேமிப்பு ஏற்கெனவே கரைந்திருக்கும். ஈரல் புதிதாகச் சர்க்கரை தயாரிக்க வேண்டிய நேரம் அது. மது உள்ளே வந்தால் ஈரல் அந்த வேலையை விட்டுவிட்டு மதுவை முறிக்கப் போகிறது. வெறும் வயிற்றில் குடித்தால் ரத்தச் சர்க்கரை இறங்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் இதை மருத்துவரிடம் பேசாமல் குடிக்கவே கூடாது.

எனக்கு மிகவும் பயம் தருவது இதற்கு அடுத்த படி. உடல் சூடு இறங்குகிறவரும் பேச்சு குழறுவார், தடுமாறுவார், எரிச்சல்படுவார், கையிலிருப்பதைக் கீழே போடுவார். போதையில் இருப்பவரும் அதையேதான் செய்வார். குடித்திருக்கும் கூட்டத்தில், "அவனுக்கு ஏறிடுச்சு, தூங்க விடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். டாஸ்மேனியா மலைகளில் எந்த மாதத்திலும் பனி விழலாம், கோடையிலும்கூட. அங்கே அந்த ஒரு வாக்கியம் ஓர் உயிரை எடுத்துவிடும். சந்தேகம் வந்தால் குளிர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஈர உடையை மாற்றி, ஸ்லீப்பிங் பேக்குக்குள் புகுத்தி, தரையிலிருந்து குளிர் ஏறாமல் அடியில் மெத்தை போட்டு, விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் இனிப்பான சூடு பானம் கொடுங்கள். பிராந்தி கொடுக்காதீர்கள்.

இந்தக் காரணத்தால்தான் எங்கள் வரிசை மாறாது. கூடாரம், தண்ணீர், உலர்ந்த உடுப்பு, சாப்பாடு, அதன் பிறகு மது. நடக்கும்போது இல்லை, மதியச் சாப்பாட்டில் இல்லை, குன்றின் உச்சியில் படம் எடுக்கவும் இல்லை. குடிக்கும் ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு டம்ளர் தண்ணீர். முகாம் விளிம்புப் பாறைக்கு அருகில் என்றால் ராத்திரி சிறுநீர் கழிக்கப் போகும் திசையை வெளிச்சம் இருக்கும்போதே பார்த்து வையுங்கள். மது அடிக்கடி எழுப்பும். ப்ளூ மவுண்டன்ஸின் பாறை விளிம்புகள் பலவற்றில் வேலி கிடையாது.

அளவு பற்றிக் கேட்பார்கள். ஆஸ்திரேலியாவில் ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் என்றால் 10 கிராம் ஆல்கஹால்: 100 மில்லி வைன் அல்லது 30 மில்லி விஸ்கி. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு வாரத்துக்குப் பத்துக்கு மேல் வேண்டாம், ஒரே நாளில் நாலுக்கு மேல் வேண்டாம் என்பது 2020-இல் வந்த தேசிய வழிகாட்டுதல். காட்டில் நான் இரண்டோடு நிறுத்துகிறேன். பையிலேயே இரண்டுக்கு மேல் இல்லாவிட்டால் நிறுத்துவது சுலபம். வலி மாத்திரையோ தூக்க மாத்திரையோ போட்டிருந்தால் அன்றைக்கு மதுவே வேண்டாம்.

விஸ்கியைத் தண்ணீரில் கலந்தால் கிருமி சாகும் என்பதும் தவறு. தண்ணீரில் கலந்ததும் அதன் வீரியம் போய்விடும். ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள், வடிகட்டுங்கள் அல்லது மாத்திரை போடுங்கள்.

வெள்ளை வைனை ஓடையில் குளிர வைப்பது அருமையான யோசனை. ஆனால் பையைச் சும்மா கல்லிடுக்கில் வைக்காதீர்கள், ஒரு கயிற்றைப் பையின் கழுத்தில் கட்டி மரத்தில் முடிச்சுப் போடுங்கள். மேலே மழை பெய்து நீர் ஒரு சாண் ஏறினாலே அது போய்விடும், பிளாஸ்டிக்காக ஆற்றில் சேரும். டாஸ்மேனியாவின் நெடும் நடைபாதையான ஓவர்லேண்ட் டிராக்கில் இன்னொரு திருடனும் உண்டு. அங்குள்ள கருப்புக் கரவாங் பறவைக்கு முதுகுப்பையின் ஜிப்பைத் திறக்கத் தெரியும். பையைப் பாதையோரம் விட்டுவிட்டுப் பக்கத்துச் சிகரத்துக்குப் போகிறவர்கள், ஜிப்பைக் கொக்கியால் பூட்டி, மழை உறையைப் போட்டு, ஜிப் பக்கம் தரையைப் பார்க்கும்படி வையுங்கள். அந்தப் பாதையின் குடிசைகளில் முன்பின் தெரியாத பலர் ஒரே மேடையில் படுக்கிறார்கள். விடியற்காலை கிளம்புகிறவர்களும் குழந்தைகளும் இருப்பார்கள். அங்கே குரல் தணிவது நம் கடமை.

விமானத்தில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 24 முதல் 70 சதவீதம் வரை உள்ள மது, கடையில் வாங்கிய மூடிய பாட்டிலில்தான் இருக்க வேண்டும், ஆளுக்கு மொத்தம் 5 லிட்டர் வரை. வீட்டிலேயே பிளாஸ்டிக்குக்கு மாற்றிய ரம்மை எடுத்துப் போனால் பறிகொடுப்பீர்கள். டாஸ்மேனியாவுக்கு என்றால் லான்செஸ்டனில் இறங்கிய பிறகு மாற்றுங்கள். மெத்தோவும் கேஸும் விமானத்தில் ஏறவே ஏறாது. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் (நார்தர்ன் டெரிட்டரி) பூர்வகுடி மக்களின் நிலங்கள் பலவற்றில் மது கொண்டு நுழைவதே குற்றம். பையில் மூடியே இருந்தாலும் குற்றம்தான். அந்தத் தடைகளில் பலவும் அந்தச் சமூகங்களே கேட்டு வாங்கியவை. போகும் முன் அனுமதிச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

கடைசி ராத்திரியில் மிச்சத்தைக் காலி செய்யும் பழக்கத்தையும் விட வேண்டும். காலையில் மலை ஏறினால் வியர்வையோடு போய்விடும் என்று நம்புகிறார்கள். ஈரல் ஏறக்குறைய மணிக்கு ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் கணக்கில்தான் முறிக்கும், ஏற்றம் அதை விரைவுபடுத்தாது. வண்டி ஓட்ட, முழு உரிமம் இருந்தால் ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு 0.05 சதவீதம். ஊரிலிருந்து புதிதாக வந்து பி-பிளேட் (புது ஓட்டுநர்களுக்கான தற்காலிக உரிமம்) வைத்திருப்பவர்களுக்குப் பூஜ்யம். ராத்திரி ஒரு மணி வரை குடித்துவிட்டு ஒன்பது மணிக்குக் காரை எடுப்பவர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

அந்த அண்ணனின் பாட்டிலுக்கு வருகிறேன். விடிந்ததும் முதல் வேலையாக அவர் பையை ஒரு தார்ப்பாயின் மேல் கவிழ்த்துக் கொட்டினோம். பெரிய துண்டுகளைப் பொறுக்கினோம், சில்லுகளை ஈரமாக்கிய ரொட்டித் துண்டால் ஒற்றி எடுத்தோம். எல்லாவற்றையும் என் சமையல் பாத்திரத்துக்குள் போட்டு மூடியை டேப்பால் ஒட்டினோம். ப்ளூ கம் காட்டை மரம் வெட்டாமல் காப்பாற்ற 1930-களின் தொடக்கத்தில் நடையர்கள் பணம் திரட்டிக் குத்தகைக்காரருக்கு 130 பவுண்டு கொடுத்தார்கள். அந்த மரங்களுக்குக் கீழே ஒரு சில்லையும் விட்டு வர எங்களுக்கு மனம் வரவில்லை. அண்ணன் பாத்திரத்தை வாங்கித் தன் பையின் உச்சியில் வைத்துக்கொண்டார். 600 மீட்டர் ஏற்றம் முழுக்க, ஒவ்வொரு அடிக்கும் அது உள்ளே கலகலவென்று குலுங்கிக்கொண்டே வந்தது.